எஞ்சின் இன்னும் நொண்டுகிறது

என் அக்காவின் கணவரைப் பட்டறையில் அரைநூல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் நூல். இரும்பையும் மரத்தையும் வைத்துப் பிழைக்கிறவர்களின் கணக்கு அது. லேத்தில் கடைந்து இறக்கிய எந்தச் சாமானை அவர் கையில் கொடுத்தாலும், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "அரை நூல் கூட இருக்கு" என்பார். அளந்து பார்த்தால் பாதி நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதி நாள், அளக்கிற கருவி தேய்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுவார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான்.

நான் தையல்காரன். எனக்கு அரை அங்குலம் என்பது மூச்சை இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடுகிற சமாச்சாரம். ஆகவே எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவர் என் இஞ்ச் டேப்பைப் பார்த்துச் சிரிப்பார். நான் அவருடைய எண்ணெய்ச் சட்டையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடாவிட்டால் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்காது. எனக்கென்று குடும்பம் ஒன்றும் அமையவில்லை. அதனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அத்தான் வேலை பார்த்தது தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனியில். ஒரே நீளக் கொட்டகை. உருக்கி மண் அச்சில் ஊற்றிக் கரடுமுரடாக வருகிற இரும்பு வார்ப்புகளை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி மண் உதிர்க்கிற இடம் ஒரு கோடியில். அதற்கு அடுத்தாற்போல் அவருடைய லேத். ஒருமுறை சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கப் போனேன். மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அங்கே யாருமே கத்திப் பேசவில்லை. கத்திப் பிரயோசனமும் இல்லை. சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்கள். எதிராளி உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். ரகசியம் என்றால் மட்டும் காதருகில் போய் வாய்விட்டுப் பேசுவார்கள். அந்த இரைச்சலில் அது பக்கத்து ஆளுக்குக்கூடப் போய்ச் சேராது. ஊரில் எல்லோரும் ரகசியம் பேச ஒதுக்குப்புறம் தேடுவார்கள். இவர்கள் ஓடுகிற மெஷினைத் தேடுவார்கள்.

அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒரே நாளில் போயிருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார். முதலில் கதவு தட்டுவது கேட்காமல் போனது, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் ஆள் பேச்சு. ஒப்புக்கொண்டால்தானே? எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்பார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தட்டு விழுவதும் நாற்காலி இழுபடுவதும் இடி மாதிரி உள்ளே இறங்குகிறது, பேச்சு மட்டும் வரக் காணோம் என்று அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். அதோடு, தன் குரல் தனக்கே கேட்காததால், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். "உன் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடு, அவன் வீட்டுல பட்டினி" என்று அக்கா காதில் கிசுகிசுத்ததை எதிர்வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார்.

அவர்களுக்கு ஒரே பெண். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வார்ப்பட்டறை மேஸ்திரி ஒருவர் அத்தான் மேலிருந்த பிரியத்தில் ஒரு சின்ன நீராவி எஞ்சினுக்கு வேண்டிய பாகங்களையெல்லாம் வார்த்துக் கொடுத்தார். மேஜை மேல் வைக்கிற அளவு எஞ்சின். அடித்தளம், சிலிண்டர், வால்வுப் பெட்டி, அதன் மூடி, ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம். பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. தெருவில் போட்டால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அந்தப் பெண் அவற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு பழைய பல் பிரஷ்ஷால் மண்ணை உதிர்ப்பாள். எஞ்சினுக்குப் பச்சைதான் அடிக்க வேண்டும் என்று தீர்மானித்தவளும் அவள்தான். பச்சைப் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கிவைத்தார்கள். வார்ப்பை உடனே கடையக் கூடாது, உள்ளுக்குள் அது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற இழுப்பெல்லாம் அடங்கட்டும், இல்லாவிட்டால் கடைந்த பிறகு கோணிக்கொள்ளும் என்றார் அத்தான். கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஓவர்டைமிலும் வீட்டுக் கஷ்டங்களிலும் வருஷங்களாகி, பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

பெண் வளர்ந்து வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒருவனைப் பிடித்துப்போய் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பையன். குணமும் மெது, குரலும் மெது. அதுவே வினையாகிவிட்டது. அத்தானுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டே பேசினான், மரியாதையாம். குனிந்தவன் உதட்டை யார் பார்க்க முடியும்? அவன் சொன்னதில் ஒரு சொல்கூட அத்தானுக்கு எட்டவில்லை. கேட்கவில்லை, நிமிர்ந்து பேசப்பா என்று சொல்லியிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவன் வாசல் தாண்டியதும், முகத்தைக் காட்டிப் பேசத் தெரியாதவன் திருட்டுப்பயல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

பெண்ணும் அவர் பெண்தானே. அதே வீம்பு. பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் என்று நாள் குறித்துச் சொன்னாள். அன்று காலை அத்தான் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். போகிறபோது அக்காவிடம், "வேலை இருக்குன்னு சொல்லிடு" என்றார். நானும் அக்காவும்தான் போனோம். கையெழுத்துப் போடும்வரை அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம், அவருக்கு வேலை இருக்கும் மாமா, பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னாள். வேறு ஊருக்குக் குடிபோனாள். அதன்பிறகு அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவில்லை.

அம்மாவுடன் மட்டும் போனில் பேசுவாள், ஞாயிற்றுக்கிழமைகளில். போன் வந்தால் அக்கா கூடத்தை விட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கூடத்தில் அத்தான் உட்கார்ந்திருப்பார். அவர் கண் எதிரே பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். அதனால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொல்லைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி நின்று பேசுவாள். அதுவே பழக்கமாகிவிட்டது.

கம்பெனியில் வயதாகிவிட்டது என்று அனுப்பிவைத்த பிறகு அத்தான் விழுந்த நிலை இருக்கிறதே, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். காலையில் உட்கார்ந்த நாற்காலியில் சாயங்காலமும் இருப்பார். குளிப்பது அக்கா சொன்னால். சாப்பிடுவது தட்டை மடியில் வைத்தால். காதும் கேட்காது, பேச்சும் இல்லை, கையில் வேலையும் இல்லை. அந்த மனிதர் செத்துப்போவதற்கு உட்கார்ந்த இடத்திலேயே முயற்சி செய்துகொண்டிருந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அக்காவுக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டது. பகலில்கூட அவர் கண் மூடினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போனை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்து அத்தானுக்கு நேரே நின்றாள். அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அந்த எஞ்சின் என்ன ஆச்சுன்னு கேட்டா. அது ஓடட்டும், வந்து பாக்குறேன்னு சொன்னா."

அத்தான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லு என்று கையைக் காட்டினார். சொன்னாள். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுப் பெட்டியை இழுத்தார். அக்கா என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

கொல்லையில் ஓட்டை சைக்கிளும் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதைக் காலி செய்து, மூடிவிட்ட பட்டறை ஒன்றிலிருந்து ஒரு குட்டி லேத்தைக் கொண்டுவந்து இறக்கினார். வெளிச்சத்துக்காக அதைத் திறந்த பக்கமாக, வீட்டைப் பார்த்தாற்போல் நிறுத்தினார். என்னைப் பிடித்து லேத்துக்கு அடியில் தகடு சொருகச் சொன்னார். அது சமமாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டதும் சொன்னேன். "உன் சமம் பாவாடைக்குச் சரி" என்றார். அவர் என்னைத் திட்டி வெகுகாலமாகியிருந்தது. சந்தோஷமாக இருந்தது.

வார்ப்பிரும்பைக் கடைவது சுத்தமான வேலை இல்லை. மற்ற இரும்பு சுருள் சுருளாக வரும். இது கரும்பொடியாக உதிரும். மூக்கு, நகக்கண், சாப்பிடுகிற தட்டு எல்லாம் கறுப்பு. வார்ப்பின் மேல்தோல் மணல் ஏறிக் கல் மாதிரி இறுகியிருக்கும். அதனால் முதல் வெட்டே ஆழமாக, தோலுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பார் அத்தான். தோலை மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தால் வெட்டுகிற டூல்தான் மழுங்கும். இதை எனக்குப் பலமுறை சொன்னார், நான் லேத் ஓட்டப் போகிறவன் மாதிரி. சத்தம் கேட்காததால் டூல் பிடித்திருக்கிற கட்டையின் மேல் இடதுகை விரல்களை வைத்துக்கொள்வார். டூல் அதிர்ந்தால், மழுங்கினால், விரலுக்குத் தெரியும். கண்ணைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலாலேயே வேலை செய்வார்.

அடித்தளம் முடிந்தது. ஃப்ளைவீல் முடிந்தது; அதன் விளிம்பில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசி முடித்ததும் அக்கா கொட்டகைக்குப் போய்ச் சொல்வாள். எவ்வளவு ஆச்சு என்று மகள் கேட்டாள். சக்கரம் பெரிதா என்று கேட்டாள். அதே பச்சைதானே என்று கேட்டாள். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி குனிந்துகொள்வார். அந்த வீட்டில் மறுபடி பேச்சு நடந்தது, சண்டை நடந்தது. எஞ்சினுக்கு ஆவி வேண்டும், உன் குக்கரைக் கொடு என்றார். என் பிணத்தைத் தாண்டி எடுங்கள் என்றாள் அக்கா. முதலில் ஆவிக்குப் பதில் அடைத்த காற்றில் ஓட்டிப் பார்ப்போம் என்று சமாதானமானார்கள்.

அப்புறம் சிலிண்டர். அதுதான் எஞ்சினின் உயிர். உள்ளே துளையைக் கடைந்து கொண்டுபோகிறபோது, கடைசி வெட்டில், வழவழவென்று வந்த சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஊசியால் குத்தினார். ஊசி உள்ளே போய்விட்டது. வார்க்கும்போது அடைபட்ட காற்று. வெளியே தெரியாமல் தோலுக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. அதை அடைத்து ஒப்பேற்றலாம், அவர் மனது கேட்கவில்லை. மேஸ்திரியிடம் போய்ப் புதிதாக ஒன்று வார்த்து வாங்கி, அதையும் சும்மா போட்டுவைத்து இழுப்பு அடங்கவிட்டுக் கடைய வேண்டும். மாதங்கள் ஆகும். அத்தான் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அக்கா மட்டும் என்னவோ லேசாக நடமாடினாள். போகட்டும், என்ன அவசரம் என்றாள். புருஷனுக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயதுதான் ஆகியிருக்கிறது.

புதுச் சிலிண்டர் வந்து, கடைந்து, எல்லாவற்றையும் பூட்டியது பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். எனக்குச் சீருடை தைக்கிற வேலை கழுத்தை நெரித்தது. சில ஞாயிற்றுக்கிழமைகள் போக முடியவில்லை. எஞ்சின் ஓடிவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். ஆனால் சரியாக ஓடவில்லை என்றாள். என்ன ஏது என்று நேரில் போனபோதுதான் தெரிந்தது.

இந்த எஞ்சின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு தடவை மூச்சு விடும். பிஸ்டன் முன்னே போகையில் ஒன்று, பின்னே வருகையில் ஒன்று. வால்வு நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் வரும். இல்லாவிட்டால் ஒன்று பலமாகவும் ஒன்று மெலிவாகவும் வந்து நொண்டும். அதைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்வது வழக்கம். இவருக்குக் காது இல்லை. ஆகவே அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, பஞ்சர்க் கடையிலிருந்து கொண்டுவந்த காற்றுத் தொட்டியைத் திறந்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அக்கா நொண்டுது என்றாள். வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே திருகை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி பூட்டி ஓட்டினார். இன்னும் நொண்டுது என்றாள். இப்படியே ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்க் கொட்டகையில் நின்றதும் அத்தான் எனக்காக ஓட்டிக் காட்டினார். சக்கரம் ஒரு தயங்குத் தயங்கிவிட்டுக் கிளம்பியது. எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவன். ஒரு தையல் தவறினால் பார்க்காமலே தெரியும். அந்த எஞ்சின் ஒரு மூச்சுக்கூடத் தவறவில்லை. தூங்குகிற குழந்தை மாதிரி சீராக விட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்கா முன்னே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "நொண்டத்தான் செய்யுது" என்றாள். அத்தான் காற்றை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

அக்கா பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். உனக்கும் காது போய்விட்டதா என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ ஒண்ணும் கேக்கலடா தம்பி. எஞ்சினைப் பத்தியும் கேக்கல, அவரைப் பத்தியும் கேக்கல. வரேன்னும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்கு வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய் என்று கத்தினேன். கத்தினால் அவருக்குக் கேட்டுவிடும் என்ற பயம் இல்லாத வீடு. அது ஒன்றுதான் சௌகரியம். அவள் அழவில்லை. எஞ்சின் ஓடிவிட்டால் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அந்த நாற்காலியில் அவரை மறுபடி பார்க்க என்னால் முடியாது என்று மட்டும் சொன்னாள். பெண்ணிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அப்பா என்று ஆரம்பித்தாலே அவள் போனை வைத்துவிடுகிறாள், அதையும் நான் இழக்கவா என்றாள்.

நான் யாரையும் கேட்காமல் தெருமுனைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். அப்பாவின் எஞ்சின் முடிந்துவிட்டது, நன்றாக ஓடுகிறது, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன்.

"எந்த எஞ்சின் மாமா?"

பெட்டியைச் சொன்னேன். பல் பிரஷ்ஷைச் சொன்னேன். பச்சைப் பெயிண்டைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே குழந்தை எதையோ போட்டு உடைத்தது. "அவருக்கு வேலை இருக்கும் மாமா. எனக்கும் இருக்கு" என்று வைத்துவிட்டாள். அவள்மேல் கோபப்பட நினைத்தேன். பதிவாளர் அலுவலக வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றது கண்ணில் வந்தது, கோபம் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் கொட்டகையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் லேத்தின் சுவிட்சைப் போட்டார். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் எதுவும் மாட்டியிருக்கவில்லை, வெறுமனே சுற்றியது. என்னைக் கிட்டே இழுத்து என் காதருகில் வாயை வைத்தார். கம்பெனியில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எஞ்சின் நொண்டல மாப்ளே. காத்து வெளிய வர்ற குழாய்ல விரலை வெச்சாலே தெரியுது. மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

நான் அவருக்கு முன்னால் வந்து நின்று, பின் ஏன் கழற்றுகிறீர்கள் என்று உதட்டை அசைத்தேன். அவர் எதிரே கையைக் காட்டினார். லேத்துக்கு நேரே, கொல்லையைத் தாண்டி, அடுப்படி ஜன்னல்.

"அங்கதான் நின்னு பேசுவா உங்கக்கா. நான் குனிஞ்சு வேலை பாக்குறேன்னு நினைப்பு அவளுக்கு. கொழந்தைக்கு மருந்து குடுத்தியான்னு கேப்பா. மாப்பிள்ளை ஊர்லேந்து வந்துட்டாரான்னு கேப்பா. பேசிட்டு எங்கிட்ட வந்து, எஞ்சின் எவ்வளவு ஆச்சுன்னு பொண்ணு கேட்டான்னு சொல்லுவா. அவ கேட்டிருந்தா இவ பதில் சொல்லியிருக்கணும் இல்ல? இவ உதட்டுல எஞ்சின் வந்ததே இல்ல மாப்ளே. அப்பா நல்லா இருக்கார்னு ஒரு வார்த்தைகூட வந்ததில்ல."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"சிலிண்டர்ல ஓட்டை தெரிஞ்சுதே, அதுக்கு முன்னாடியே."

அதற்கு முன்பே. அப்படியானால் புதுச் சிலிண்டர், வால்வு, பிஸ்டன், அத்தனையும் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே கடைந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்தால் அவள் மறுபடி மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள் என்றார். அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நீங்களே ஒரு தடவை போய் அந்தப் பெண்ணைப் பார்த்தால் என்ன என்றேன். வீம்பைக் கொஞ்சம் கட்டிவைத்துவிட்டுப் போய் வாசலில் நில்லுங்கள், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலையைக் குனிந்துவிட்டால் யாரும் அவருக்கு எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கு மாப்பிள்ளை குனிந்தான்; இன்றைக்கு இவர். நான் வாயை அசைத்துக்கொண்டே நின்றேன், செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, இங்கே சங்கில் சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். லேத் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரியா ஓடுதுன்னு ஆயிட்டா, அவ வரலன்னு ஆயிடும். நொண்டுற வரைக்கும் எஞ்சின்தான் முடியல. நீயும் நொண்டுதுன்னே சொல்லு."

முன்வாசல் கதவு திறந்தது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்க முடியாது, என் கண் போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டு லேத்தை நிறுத்தினார். அக்கா காய்கறிப் பையோடு கொல்லைக்கு வந்தாள். வந்தவளை நிற்கச் சொல்லி, காற்றைத் திறந்துவிட்டார். சக்கரம் கிளம்பியது. சீராக, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா பையைக் கீழே வைக்காமலே காதைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"முன்னைக்கு இப்பத் தேவலைங்க. ஆனா இன்னும் கொஞ்சம் நொண்டுது."

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். இரண்டு பேரையும் உட்காரவைத்து, நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றுகிறீர்கள், போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. நிறுத்திவிட்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த நாற்காலி இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.

"ஆமா அத்தான். நொண்டுது" என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் காற்றை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்து வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தார். அக்கா சமைக்கப் போனாள்.

இன்னும் அந்த எஞ்சினுக்குப் பச்சை அடிக்கவில்லை. பெயிண்ட் கடைசி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன், ஓட்டிக் காட்டுகிறார், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். போன வாரம் மூடியில் இருந்த நட்டுகள் எல்லாம் பளபளவென்று புதிதாக இருந்தன. கழற்றிக் கழற்றிப் பழையவற்றின் முனைகள் தேய்ந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்துவிட்டதாம். வேறு கடைந்து போட்டிருக்கிறார்.